சீரியல் கன்சோலில் மெனு காட்டும் குட்டி பூட் மேனேஜர்: 440 பைட்டுக்குள் அடக்கப் பார்க்கிறேன்

திரையில்லாப்பெட்டி:

வணக்கம். மூன்று வாரமாக இதே வேலையாக இருக்கிறேன், இப்போது ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது திரையோ கீபோர்டோ மாட்ட வழியில்லாத ஒரு சிறிய கணினி. வெளியே தெரிவது இரண்டு நெட்வொர்க் போர்ட்டும் ஒன்பது பின் சீரியல் போர்ட் ஒன்றும்தான். உள்ளே ஒரே டிஸ்க், அதில் மூன்று பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதிகள்): லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மூன்றாவது நான் கற்றுக்கொள்வதற்காக எழுதிவரும் ஒரு சின்னக் கர்னல். பழைய பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் உள்நிரல்), அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ கிடையாது. தன் செய்திகளைக்கூட சீரியலில் காட்டாத பயாஸ்.

எதை பூட் செய்வது என்று சீரியல் வழியாகவே தேர்ந்தெடுக்க ஒரு மெனு வேண்டும். பலரும் பயன்படுத்தும் க்ரப் என்ற பூட் மேனேஜர் இதைச் செய்யும், தெரியும், கட்டமைப்புக் கோப்பில் ஓரிரு வரி போதும். ஆனால் க்ரப்பின் பெரும்பகுதி லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் கோப்புகளாக இருக்கிறது, சோதனை செய்கிறேன் என்று நான் அடிக்கடி கெடுத்து வைப்பதும் அதே பார்ட்டிஷனைத்தான். அது போனால் மெனுவும் போய்விடும், நன்றாக இருக்கிற ஃப்ரீபிஎஸ்டிக்குள்ளும் நுழைய முடியாது. எனக்கு வேண்டியது எந்தப் பார்ட்டிஷனையும் நம்பாமல் டிஸ்கின் முதல் செக்டருக்குள்ளேயே வேலையை முடிக்கும் ஒன்று. ஃப்ரீபிஎஸ்டியோடு வரும் பூட்0எஸ்ஐஓ அந்த வகைதான், அதன் மூலநிரலைப் படித்துத்தான் பாதி கற்றுக்கொண்டேன். ஆனாலும் ஒவ்வொரு பைட்டும் எதற்காக இருக்கிறது என்று எனக்கே தெரிய வேண்டும் என்ற ஆசையில் நாஸ்ம் என்ற அசெம்ப்ளரில் நானே எழுத உட்கார்ந்தேன்.

இடக் கணக்கு தெரியாதவர்களுக்கு: செக்டர் 512 பைட். கடைசி இரண்டு பைட் 55 ஏஏ என்ற அடையாளம், அதற்கு முன்னால் 64 பைட் பார்ட்டிஷன் டேபிள் (16 பைட் வீதம் நான்கு). மிச்சம் 446. (முகவரிகளும் இன்டரப்ட் எண்களும் அவற்றின் செயல் எண்களும் 16-ஐ அடியாகக் கொண்ட ஹெக்ஸில் எழுதுகிறேன், மற்றவை எல்லாம் சாதாரண எண்கள்.)

இன்ட் 14 (பயாஸின் சீரியல் சேவை) வைத்து எழுதிய முதல் வடிவம் 412 பைட் வந்தது. கியூஎமு என்ற மெய்நிகர் கணினியில் அருமையாக ஓடுகிறது: மெனு வருகிறது, 1, 2, 3 அடித்தால் அந்தந்தப் பார்ட்டிஷன் பூட் ஆகிறது, பத்து நொடி சும்மா இருந்தால் முதலாவது போகிறது. உண்மையான பெட்டியில் போட்டால் டெர்மினலில் ஓர் எழுத்துகூட வரவில்லை. 9600 பாட், 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் ஒன்று. இதே கேபிளில் லினக்ஸ் லாகின் நன்றாக வருகிறது. எங்கே தேடுவது?

பழையமோடம்:

கேபிளில் எத்தனை கம்பி ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். மூன்றுதான் என்றால் (அனுப்புவது, பெறுவது, தரை) காரணம் அங்கேயே இருக்கிறது. ஐபிஎம் பிசி காலத்து இன்ட் 14, ஓர் எழுத்தை அனுப்பும் முன் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற சைகைக் கம்பிகள் இரண்டையும் உயர்த்திவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து டிஎஸ்ஆரும் சிடிஎஸ்ஸும் (அதன் பதில் சைகைகள்) வருகிறதா என்று காத்திருக்கும். எதிரே இருப்பது மோடம் என்று நினைத்து எழுதிய வழக்கம் அது. வரவில்லை என்றால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்த எழுத்தைக் கைவிட்டு, ஏஹெச்சின் (ஏஎல், டிஎக்ஸ், எஸ்ஐ போல சிபியுவுக்குள் இருக்கும் ரெஜிஸ்டர் ஒன்று) மேல் பிட்டில் டைம்-அவுட் என்று குறித்துத் திரும்பும். நீங்கள் அந்தப் பிட்டைப் பார்க்கிறீர்களா? லினக்ஸ் லாகின் வருவதை வைத்து கேபிள் சரி என்று முடிவு கட்ட முடியாது, அங்கே ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் அணைந்திருந்தால் மூன்று கம்பியே போதும்.

சோதிக்க எளிய வழி, பெட்டிப் பக்கத்துக் கனெக்டரில் 7-ஐயும் 8-ஐயும் இணையுங்கள், 4-ஐ 6-உடனும் 1-உடனும் இணையுங்கள். பெட்டி தன் குரலைத் தானே கேட்டுத் திருப்தியாகிவிடும்.

திரையில்லாப்பெட்டி:

அதேதான். மூன்று கம்பி. சால்டர் வைத்து நீங்கள் சொன்னபடி இணைத்ததும் மெனு வந்துவிட்டது, மிக்க நன்றி.

ஆனால் இதில் இன்னொன்று தெரிந்தது, அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நேற்று பெட்டி செத்து நின்றது என்று நினைத்தேனே, அது நிற்கவே இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் காத்திருந்து, கைவிட்டு, அடுத்த எழுத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மெனுவில் 70 எழுத்து. கேபிளைக் கழற்றிவிட்டு அளந்தேன், பூட் ஆக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. யோசித்துப் பாருங்கள், இது ஆள் இல்லாத இடத்தில் ஓட வேண்டிய பெட்டி. வருடத்தில் 360 நாள் அதில் கேபிளே இருக்காது. கேபிள் இருந்தால்தான் ஒழுங்காக எழும் என்றால் அதை பூட் மேனேஜர் என்று சொல்லவே கூடாது.

எனவே இன்ட் 14-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு யுஏஆர்டி என்ற சீரியல் சிப்புடன் நேராகப் பேசலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எழுத்தை அனுப்பும்போது டிஎஸ்ஆர், சிடிஎஸ் எதையும் பார்க்கப் போவதில்லை. இடம் போதுமா என்பதுதான் பயம்.

ஒற்றைபிட்:

போதும், பயப்படாதீர்கள். 3எஃப்8-ல் தொடங்கும் போர்ட் என்று வைத்துக்கொண்டால் வேலை இவ்வளவுதான். 3எஃப்பி-ல் இருக்கும் லைன் கன்ட்ரோல் ரெஜிஸ்டரின் மேல் பிட்டை ஏற்றினால் 3எஃப்8, 3எஃப்9 இரண்டும் சிறிது நேரத்துக்கு வேகத்தின் வகுஎண்ணாக மாறிவிடும். சிப்பின் கடிகாரம் 1.8432 மெகாஹெர்ட்ஸ், அதை 16-ஆல் வகுத்தால் 1,15,200. அதை 12-ஆல் வகுத்தால் 9600. ஆக 3எஃப்8-ல் 12, 3எஃப்9-ல் 0, பிறகு மேல் பிட்டை இறக்கிவிட்டு 8 பிட், ஒரு ஸ்டாப் பிட் என்று சொல்ல 3எஃப்பி-ல் 3. அனுப்பும்போது 3எஃப்டி-ஐப் படித்து 5-ஆம் பிட் ஏறியிருக்கிறதா என்று பார்த்து எழுத்தை 3எஃப்8-ல் போட வேண்டும். பெறும்போது அதே 3எஃப்டி-ல் 0-ஆவது பிட்.

கவனிக்க வேண்டிய அழகு ஒன்று. 3எஃப்பி-க்குப் போகும் மதிப்பு 3. அதற்கு அடுத்த 3எஃப்சி மோடம் கன்ட்ரோல், அங்கே டிடிஆரையும் ஆர்டிஎஸ்ஸையும் உயர்த்தத் தேவையான மதிப்பும் 3. அதனால் ஏஎல்லைத் தொடவே வேண்டாம், டிஎக்ஸை ஒன்று கூட்டி இன்னொரு அவுட், இரண்டே பைட். அங்கே 3 எழுதினால் அவுட்2 என்ற பிட்டும் இறங்கிவிடும், பிசியில் சீரியல் இன்டரப்ட் அந்தப் பிட் வழியாகத்தான் வெளியே வர முடியும், ஆகவே இன்டரப்ட் ரெஜிஸ்டரைத் தனியாகச் சுத்தம் செய்யும் வேலையும் மிச்சம். டிஎக்ஸின் மேல் பாதி எப்போதும் 03 என்பதால் ஒருமுறை முழுதாக ஏற்றிவிட்டு அப்புறம் டிஎல்லை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு பைட் குறையும். இப்படி எழுதினால் தொடக்க வேலை மொத்தமும் 22 பைட். இன்ட் 14-ஐக் கூப்பிட 7 பைட். 15 பைட் கூடுதல் கொடுத்து கேபிள் பிரச்சினையிலிருந்து விடுதலை வாங்குகிறீர்கள், என்னைக் கேட்டால் இதைவிட நல்ல பேரம் கிடையாது.

புதியகை:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும் அண்ணா. நானும் இதே மாதிரி ஒன்று எழுதிப் பழகுகிறேன். பயாஸ் நம் செக்டரை 7சி00-ல் ஏற்றுகிறது என்று படித்தேன். நாம் தேர்ந்தெடுத்த பார்ட்டிஷனின் பூட் செக்டரும் 7சி00-ல்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டும் ஒரே இடத்தில் எப்படி?

திரையில்லாப்பெட்டி:

மன்னிப்பெல்லாம் எதற்கு, கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. அதனால்தான் நாம் முதல் வேலையாக நம்மையே 0600-க்கு நகலெடுத்துக்கொண்டு அங்கே குதித்துவிடுகிறோம். 256 வார்த்தை (வார்த்தைக்கு 2 பைட்) நகல், பிறகு ஒரு ஃபார் ஜம்ப், அதாவது சிஎஸ் என்ற செக்மென்ட் ரெஜிஸ்டரையும் சேர்த்து மாற்றும் தாவல். அந்த ஃபார் ஜம்ப்பில் இன்னொரு நன்மையும் உண்டு: சில பயாஸ்கள் 0000:7சி00 என்று குதிக்கும், சில 07சி0:0000 என்று குதிக்கும், இரண்டும் ஒரே இடம்தான் ஆனால் சிஎஸ் வேறு. ஃபார் ஜம்ப் போட்டபின் சிஎஸ் பூஜ்யம் என்று உறுதி. 7சி00 காலியாகிவிட்டதால் அடுத்த செக்டரை நிம்மதியாக அங்கே ஏற்றலாம். ஒன்று மட்டும் மறக்காதே, பயாஸ் எந்த டிஸ்கிலிருந்து வந்தது என்பதை டிஎல்லில் வைத்துக் கொடுக்கும். அதைக் கெடுக்காமல் கடைசிவரை கொண்டுபோய் அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன சீரியல் வேலை முழுக்க டிஎக்ஸை வைத்து நடக்கிறது, டிஎல் அதன் கீழ்ப்பாதி. நான் அதைச் சேமிக்காமல் விட்டுவிட்டு அரைநாள் தேடினேன், டிஸ்க் எண் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்8 இருந்தது.

இப்போதைய நிலை: நேரடி யுஏஆர்டியோடு 447 பைட். 440-க்கு நிரப்பும் டைம்ஸ் வரியில் நாஸ்ம் மதிப்பு மைனஸ் 7 என்று பிழை காட்டுகிறது. எத்தனை பைட் அதிகம் என்று அதுவே சொல்லிவிடுவதால் எனக்கு அந்தப் பிழைச் செய்தி மிகவும் பிடித்துப்போய்விட்டது.

புதியகை:

446 இருக்கும்போது ஏன் 440?

வட்டுத்தலை:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். 440-ஆவது இடத்திலிருந்து நான்கு பைட் டிஸ்க் சிக்னேச்சர், அடுத்த இரண்டு பொதுவாகப் பூஜ்யம். விண்டோஸ் தன் பூட் பதிவில் டிஸ்கை அந்த நான்கு பைட்டை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. விண்டோஸ் இருக்கிற டிஸ்கில் 446 பைட்டும் எழுதிவிட்டால் அடுத்த பூட்டில் அது டிஸ்கைத் தேடிக்கொண்டு நிற்கும். லினக்ஸும் இந்தச் சிக்னேச்சரிலிருந்தே பார்ட்டிஷன் அடையாள எண்ணை உருவாக்குவதால், கர்னல் வரியில் அந்த எண்ணைக் கொடுத்திருப்பவர்களுக்கும் அதே கதிதான். டிஸ்கில் நேராக எழுதும் டிடி கட்டளையில் அளவு 440, எண்ணிக்கை 1 என்று போட்டு எழுதுங்கள், பார்ட்டிஷன் டேபிளும் தப்பிக்கும். அதற்கு முன் பழைய முதல் செக்டரை முழுதாக 512 பைட்டும் வேறொரு கணினியில் கோப்பாகச் சேமித்து வையுங்கள். அதே டிஸ்கில் சேமித்து வைத்தால் தேவைப்படும்போது எடுக்க முடியாது.

7 பைட்டைக் குறைக்கவும் வழி சொல்கிறேன். டிஸ்கைப் படிக்க இன்ட் 13-ன் (பயாஸின் டிஸ்க் சேவை) 42 பயன்படுத்துகிறீர்களா? செக்டர் எண் கொடுத்துப் படிக்கும் அந்த வழிக்கு 16 பைட் பாக்கெட் ஒன்று வேண்டும். பலர் அதை டேட்டாவாக எழுதி வைத்துவிட்டு, அப்புறம் செக்டர் எண்ணை அதற்குள் நகலெடுப்பார்கள். அதற்குப் பதில் ஸ்டாக்கில் தள்ளியே பாக்கெட்டைக் கட்டுங்கள், மேலிருந்து கீழாக: முதலில் 32 பிட் பூஜ்யம், அடுத்து பார்ட்டிஷன் டேபிளின் 8-ஆவது இடத்திலிருந்து நேராக 32 பிட் தொடக்க செக்டர், பிறகு செக்மென்ட், 7சி00, எண்ணிக்கை 1, கடைசியாக 16. ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் எஸ்பியை எஸ்ஐக்கு நகலெடுத்தால் பாக்கெட் தயார். எஸ்எஸ், டிஎஸ் இரண்டும் பூஜ்யமாக இருந்தால்தான் இது செல்லும்.

ஒற்றைபிட்:

எழுத்துத் தொடர்களின் கடைசியில் பூஜ்யம் வைக்கிறீர்களா? அதற்குப் பதில் கடைசி எழுத்தின் மேல் பிட்டை ஏற்றிவிடுங்கள், தொடருக்கு ஒரு பைட் மிச்சம். ஃப்ரீபிஎஸ்டியின் பூட்0-வும் இப்படித்தான் செய்கிறது.

திரையில்லாப்பெட்டி:

இரண்டையும் செய்தேன். எங்கெல்லாம் ஏஎக்ஸுக்கு மவ் இருந்ததோ அங்கெல்லாம் மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்சைப் போட்டேன், அது ஒரே பைட். இப்போது 421. 19 பைட் இடம் கையில் இருக்கிறது, பெரிய சொத்து கிடைத்த மாதிரி இருக்கிறது.

ஆனால் புதிய தொல்லை. ஃப்ரீபிஎஸ்டி ஒழுங்காக எழுகிறது. லினக்ஸ் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்தால் அதன் பூட் செக்டர் வரை போய் நின்றுவிடுகிறது. நேற்றுவரை இரண்டுமே எழுந்தன.

வட்டுத்தலை:

என் யோசனையால் வந்த வினைதான், நான் முன்பே எச்சரித்திருக்க வேண்டும். எஸ்பியை எஸ்ஐக்கு நகலெடுத்தீர்கள் இல்லையா, அதற்கு முன் எஸ்ஐ தேர்ந்தெடுத்த பார்ட்டிஷன் டேபிள் வரியைக் காட்டிக்கொண்டிருந்தது. வழக்கப்படி அடுத்த பூட் செக்டருக்குப் போகும்போது டிஎஸ்:எஸ்ஐ அந்த வரியைத்தான் காட்ட வேண்டும். தான் டிஸ்கில் எங்கே தொடங்குகிறோம் என்று சில பூட் செக்டர்கள் அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளும், சில பார்க்காது. அதனால்தான் ஒன்று எழுந்து ஒன்று படுத்துவிட்டது. பாக்கெட் கட்டும் முன் எஸ்ஐயை பிபியில் வைத்துவிட்டு, குதிக்கும் முன் திரும்ப எடுத்துவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச், மவ் இரண்டும் நான்கு பைட்டுக்குள் முடியும். ஏற்றிய செக்டரின் கடைசியில் 55 ஏஏ இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குதியுங்கள்.

திரையில்லாப்பெட்டி:

அதேதான் காரணம், எழுந்துவிட்டது. பிபியில் நான் ஏற்கெனவே டிஸ்க் எண்ணை வைத்திருந்தேன், அதை ஸ்டாக்கில் தள்ளிவிட்டதால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகி 421-லேயே நிற்கிறது. 55 ஏஏ சோதனை முன்பே இருக்கிறது.

நள்ளிரவுநிரல்:

நல்ல வேலை. பத்து நொடியை எப்படி எண்ணுகிறீர்கள்? கேட்கக் காரணம் உண்டு.

நான் எழுதிய ஒன்றில், 046சி-ல் பயாஸ் வைத்திருக்கும் டிக் எண்ணைத் தொடக்கத்தில் படித்து வைத்துக்கொண்டு, இப்போதைய எண்ணிலிருந்து அதைக் கழித்து, 182 வந்ததா என்று பார்த்தேன். நொடிக்குச் சுமார் 18.2 டிக், ஆகவே 182 என்றால் பத்து நொடி. 16 பிட் கழித்தல் தானாகவே சுற்றிக்கொள்ளும், எந்தப் பயமும் இல்லை என்று நினைத்தேன். அந்தப் பெட்டி தினமும் இரவு நள்ளிரவை ஒட்டி ஒரு வேலையை முடித்துவிட்டு ரீபூட் ஆகும். எப்போதாவது ஒரு நாள் காலையில் பார்த்தால் மெனு வந்த சுவடே இல்லாமல் முதல் பார்ட்டிஷன் எழுந்திருக்கும், இரவில் நான் தொலைவிலிருந்து இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கக் காத்திருந்தும் நேரமே கிடைத்திருக்காது. பகலில் நூறு முறை சோதித்தேன், ஒருமுறைகூட வரவில்லை.

காரணம், அந்த டிக் எண் 65,536-ல் சுற்றுவது மட்டுமல்ல, நள்ளிரவில் பயாஸ் அதை முழுதாகப் பூஜ்யமாக்குகிறது. ஒரு நாளுக்கு 15,73,040 டிக், ஹெக்ஸில் 1800பி0. அதாவது நாளின் கடைசி 176 டிக்கில் கீழ்ப்பாதி 0 முதல் 175 வரை போய்க்கொண்டிருக்கும், சட்டென்று 0. நான் 100-ல் தொடங்கியிருந்தால் 0 கழித்தல் 100, 65,436. அது 182-ஐவிடப் பெரிது, நேரம் முடிந்தது என்று நிரல் போய்விடுகிறது. நாளுக்குச் சுமார் பத்து நொடி மட்டும் வரும் பிழை, அந்தப் பத்து நொடியில்தான் என் பெட்டி எழுந்துகொண்டிருந்தது.

தீர்வு, கழிக்கவே வேண்டாம். எண் முன்பு பார்த்ததிலிருந்து மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மாறினால் உங்கள் கையில் இருக்கும் 182-ஐ ஒன்று குறையுங்கள். எண் ஏறினால் என்ன, பூஜ்யத்துக்கு விழுந்தால் என்ன, ஒரு மாற்றம் ஒரு டிக்.

இன்னொன்று, இன்ட் 1ஏ வழியாக நேரம் படிக்காதீர்கள். அது நள்ளிரவு தாண்டியது என்ற குறியை அழித்துவிடும், அப்புறம் எழும் டாஸ் ஒரு நாள் பின்தங்கிவிடும். 046சி-ஐ நேராகப் படித்தால் அந்தக் குறி அப்படியே இருக்கும்.

திரையில்லாப்பெட்டி:

நானும் கழித்துக்கொண்டுதான் இருந்தேன். மாற்றிவிட்டேன், அளவில் ஒரு பைட்டும் கூடவில்லை. இதை நானே கண்டுபிடிக்க எத்தனை மாதம் ஆகியிருக்குமோ.

பழையமோடம்:

கேபிள் இல்லாதபோது எழ வேண்டும் என்று சொன்னீர்கள், சரி. சீரியல் போர்ட்டே இல்லாத பலகையில் இந்த டிஸ்கை மாட்டினால்? பதில் சொல்ல யாருமில்லாத போர்ட்டைப் படித்தால் எல்லா பிட்டும் ஏறி எஃப்எஃப் வரும். அனுப்பும் பிட்டும் ஏறியிருப்பதால் அனுப்புவது தடையில்லாமல் போகும், ஆனால் வந்திருக்கிறது என்ற பிட்டும் ஏறியிருக்கும். யாரோ விடாமல் எஃப்எஃப் அடித்துக்கொண்டிருப்பதாக உங்கள் நிரல் நம்பும். தப்பான விசைக்குக் கெடுவை மறுபடி முதலிலிருந்து தொடங்கும் வழக்கம் வைத்திருந்தால் பெட்டி எழவே எழாது.

இதைவிட மோசமானது எதிர்ப்பக்கத்தில் ஆளுக்குப் பதில் இன்னொரு கணினி இருப்பது. இரண்டு பெட்டிகளை ஒன்றுக்கொன்று கன்சோலாக நானே மாட்டி வைத்திருந்தேன். ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து பார்க்கலாம் என்ற எண்ணம். மின்சாரம் போய் வந்தது. ஒரு பெட்டி முதலில் எழுந்து தன் சீரியல் போர்ட்டில் லாகின் கேட்டு நிற்கிறது. இரண்டாவது மெதுவாக எழுந்து மெனுவை அச்சிடுகிறது. லாகின் கேட்பவன் தனக்கு வரும் ஒவ்வோர் எழுத்தையும் எதிரொலிப்பான். மெனுவில் 1 என்று அச்சிட்டதும் அந்த 1 திரும்பி வருகிறது, பூட் மேனேஜர் அதையே விசை என்று எடுத்துக்கொள்கிறது. கெடு முடிந்தால் இரண்டாவது பார்ட்டிஷன் போக வேண்டும் என்று அமைத்திருந்தேன், ஆனால் எப்போதும் முதலாவதே போயிற்று. தப்பான விசைக்கு மெனுவை மறுபடி அச்சிடும் வடிவத்தில் இரண்டு கணினியும் விடியும்வரை ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன.

ஒற்றைபிட்:

இதில் ஃபிஃபோவும் சேர்ந்துகொள்ளும். 16550ஏ என்ற யுஏஆர்டி சிப்பில் 16 பைட் ஃபிஃபோ (எழுத்துகள் வந்த வரிசையில் காத்திருக்கும் இடம்) உண்டு. பயாஸ் அதை இயக்கி விட்டிருந்தால், நீங்கள் மெனு அச்சிடும் நேரத்தில் திரும்பி வரும் முதல் 16 எழுத்தும் பத்திரமாக உள்ளே காத்திருக்கும், அதில் அந்த 1 நிச்சயம் இருக்கும். அணைத்துவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கடைசி எழுத்து மட்டுமே தங்கும். அணைக்க 3எஃப்ஏ-ல் பூஜ்யம் எழுத வேண்டும். என் முந்தைய 22 பைட்டைப் பாருங்கள்: வகுஎண்ணின் மேல் பாதிக்கு 3எஃப்9-ல் பூஜ்யம் எழுதி முடித்த இடத்தில் டிஎக்ஸை ஒன்று கூட்டினால் 3எஃப்ஏ, ஏஎல்லில் ஏற்கெனவே பூஜ்யம், ஓர் அவுட். மறுபடி ஒன்று கூட்டினால் 3எஃப்பி, டிஎல்லைத் தனியாக ஏற்றும் வரி தேவையில்லை. 3எஃப்8 முதல் 3எஃப்சி வரை படியேறுவது போல வரிசையாகப் போய்விடலாம். மொத்தம் 23 பைட், ஒரே ஒரு பைட் கூடுதலில் ஃபிஃபோவும் அணைந்தது.

திரையில்லாப்பெட்டி:

இந்தப் படியேற்றத்தைப் பார்த்து அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு பிடித்துவிட்டது.

மூன்று மாற்றம் செய்தேன். 3எஃப்டி எஃப்எஃப் என்று வந்தால் சீரியல் இல்லை என்று முடிவு செய்து கெடுவை மட்டும் எண்ணி எழுவது, 4 பைட். ஃபிஃபோ அணைப்பு, 1 பைட். மெனு முடிந்தபின் 18 டிக், அதாவது ஒரு நொடி, வருவதையெல்லாம் படித்துத் தூக்கிப் போடுவது, 11 பைட். மொத்தம் 437. 9600 பாட்டில் ஓர் எழுத்துக்கு 10 பிட், நொடிக்கு 960 எழுத்து, என் 70 எழுத்து மெனுவின் எதிரொலி முழுதும் அந்த ஒரு நொடிக்குள் வந்து தீர்ந்துவிடும். தப்பான விசை எது வந்தாலும் மெனுவையும் அச்சிடுவதில்லை, கெடுவையும் நீட்டுவதில்லை. அந்த விசை வராத மாதிரியே நடந்துகொள்கிறது. யார் எதை அனுப்பினாலும், அனுப்பாவிட்டாலும், பதினொரு நொடியில் ஏதோ ஒன்று எழுந்தே தீரும். எனக்கு வேண்டியிருந்தது இந்த உறுதிதான்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வேகத்தை நானே 9600 என்று வைக்கலாமா, பயாஸ் வைத்ததை அப்படியே விடலாமா?

வட்டுத்தலை:

பலகையைப் பொறுத்தது. சீரியல் மட்டுமே உள்ள பலகைகளில் பயாஸே ஒரு வேகம் வைத்திருக்கும்: பிசி எஞ்சின்ஸ் அலிக்ஸில் 38,400, சோக்ரிஸில் 19,200. அங்கே நீங்கள் 9600-க்கு மாற்றினால் டெர்மினலில் பயாஸ் செய்திக்குப் பிறகு குப்பை எழுத்துதான் வரும். அந்த மாதிரி பலகைகளில் இன்னொரு சிக்கல், பயாஸ் இன்ட் 10-ல் (திரைச் சேவை) அச்சிடுவதையும் சீரியலுக்கே திருப்பிவிடும். திரைக்கும் சீரியலுக்கும் இரண்டிலும் எழுதும் நிரல் என்றால் மெனுவில் ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டாக வரும். விசையும் அப்படித்தான், பயாஸ் தன் பங்குக்கு யுஏஆர்டியைப் படித்துக்கொண்டிருந்தால் நீங்கள் அடித்ததில் பாதி உங்களுக்கு வராது. அங்கே சீரியல் நிரலையே எடுத்துவிட்டு இன்ட் 10, இன்ட் 16 (கீபோர்டு சேவை) மட்டும் வைத்து எழுதுவதே சரி.

திரையில்லாப்பெட்டி:

புரிந்தது. என் பயாஸ் சீரியலைத் தொடவே தொடாது, முன்பு ஓடிய சிஸ்டம் எந்த வேகத்தில் விட்டுப்போயிருக்குமோ தெரியாது, அதனால் நானே 9600 வைக்கிறேன். மற்ற பலகைகளுக்கு நாஸ்மில் ஒரு நிபந்தனை வரி போட்டு, தொகுக்கும்போதே ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி செய்துவிட்டேன்.

புதியகை:

கடைசியாகத் தேர்ந்தெடுத்ததை நினைவில் வைத்து அடுத்தமுறை அதையே எழுப்புமா அண்ணா?

திரையில்லாப்பெட்டி:

இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். அதற்கு ஒவ்வொரு பூட்டிலும் முதல் செக்டரைத் திருப்பி எழுத வேண்டும், எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் பார்ட்டிஷன் டேபிளே போய்விடும். என் பெட்டிக்கு அது தேவையில்லாத ஆபத்து.

இன்று மாலை நான்கு விதமாகச் சோதித்தேன். கேபிள் இல்லாமல், மூன்று கம்பி கேபிளோடு, எதிரே லாகின் கேட்கும் கணினியோடு, கடிகாரத்தை 23:59:50-க்கு வைத்து. நான்கிலும் எழுந்தது. மூன்றாவது சோதனையில் மட்டும் எதிர்க் கணினியின் பதிவேட்டில் என் மெனுவின் முதல் வரியைப் பயனர் பெயராகக் கொடுத்து யாரோ நுழைய முயன்றதாக ஒரு வரி விழுந்திருக்கிறது.

பழையமோடம்:

மெனுவின் வரி முடிவில் இருக்கும் 13-தான் காரணம், லாகின் அதை என்டராக எடுத்துக்கொள்கிறது. ஒரே வரியில் மெனுவை அச்சிட்டு 13, 10 இரண்டையும் முன்னால் மட்டும் வைத்துப் பாருங்கள்.

திரையில்லாப்பெட்டி:

வைத்தேன். முயற்சி வரி வரவில்லை. வரிகளுக்கு நடுவே இருந்த இரண்டு ஜோடியும் போனதில் 4 பைட், பதிலுக்கு இரண்டு இடைவெளி. 435.